செந்தூராவும் மாவிலையும் ஒரே சாம்பல் ஆகாமலிருக்க

காவேரிப்பட்டினம் பக்கத்து மாந்தோப்பில் மே மாதம் எடுத்த ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செந்தூரா தோள் சிவந்து தொங்குகிறது, சுற்றிலும் கரும்பச்சை இலை. கலரில் பழம்தான் முதலில் கண்ணில் விழும். அதே படத்தைப் போனில் திறந்து சாச்சுரேஷனை (கலரின் அடர்த்தியை) கடைசிவரை இடப்பக்கம் தள்ளினால், பழம் எங்கே என்று தேட வேண்டும். இலையும் பழமும் ஒரே சாம்பலில் குழைந்து கிடக்கும். அடுத்து எல்லோரும் செய்வது கான்ட்ராஸ்டை ஏற்றுவது. குழைந்தது குழைந்தபடியே இன்னும் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். 'இந்தப் படம் பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு ஒத்துவராது' என்று மூடிவிடுவார்கள்.

படத்தில் குறை ஒன்றுமில்லை. எண்ணாகவே பார்த்துவிடலாம். பழத்தின் சிவந்த இடத்தில் ஒரு பிக்சலை, அதாவது படத்தின் ஒரு புள்ளியைத் தொட்டால் சிவப்பு 190, பச்சை 60, நீலம் 50 என்று காட்டுகிறது. பக்கத்து இலையில் சிவப்பு 70, பச்சை 120, நீலம் 40. பல மென்பொருள்கள் இன்னும் கையாள்வது பழைய டிவி காலத்துக் கணக்கு: சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்டுவது. அதன்படி பழம் 98, இலை 96. மொத்தம் 256 படிகளில் இரண்டு படி வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பச்சைக்கு இவ்வளவு பங்கு கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மனிதக் கண் வெளிச்சத்தை எடைபோடுவது பெரும்பாலும் பச்சையை வைத்துத்தான். நீலத்தைக் கொஞ்சமாகவே மதிக்கும். கண்ணுக்குச் சரியான கணக்கு, இந்தப் பழத்துக்குச் சரிப்படவில்லை.

இதே படத்தை ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் டீசாச்சுரேட் போய் லூமா என்ற முறையில் மாற்றினால் பங்கு ஏறக்குறைய 22, 72, 6. பழம் 88, இலை 104. இலை வெளுத்து பழம் கறுக்கும். போட்டோஷாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் அழுத்தி வரும் டீசாச்சுரேட், மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கும். பழம் 120, இலை 80. ஒரே படத்துக்கு மூன்று விடை. எந்த விடையும் தப்பில்லை, ஆனால் எதையும் எடுத்தவர் தீர்மானிக்கவில்லை.

பங்கை நாமே வைத்துப் பார்ப்போம். சிவப்பு 70, பச்சை 20, நீலம் 10. பழம் 150, இலை 77. இருட்டுக்குள் விளக்கு வைத்ததுபோல் பழம் எழுந்து நிற்கும். திருப்பிப் போட்டு சிவப்பு 10, பச்சை 80, நீலம் 10 என்றால் பழம் 72, இலை 107. வெளிறிய இலைக் கூட்டத்துக்கு நடுவே கறுத்துக் கனத்த பழம். இரண்டும் அந்தத் தோப்புப் படம்தான். கருப்பு வெள்ளையாக மாற்றுவது என்றால் கலரைக் கழுவிவிடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எந்தக் கலருக்கு எவ்வளவு சாம்பல் என்று பங்கு பிரிப்பதுதான் அதில் உள்ள வேலை. அந்தப் பங்கு சரியாக விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் மேல்பூச்சு.

எதில், எங்கே

போட்டோஷாப்பில் சிஎஸ்3 வந்த 2007 முதல் பிளாக் அண்ட் ஒயிட் என்றே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது. இமேஜ் மெனு வழியாகப் போகாதீர்கள், அது படத்தையே மாற்றிவிடும். லேயர் பேனலின் அடியில் பாதி கருத்த வட்டம் இருக்கும். அதைச் சொடுக்கி அட்ஜஸ்ட்மென்ட் லேயராகப் போடுங்கள். கலர் அடியில் பத்திரமாக இருக்கும், நாளைக்கு வந்தும் திருத்தலாம். ஆறு ஸ்லைடர்கள்: சிவப்பு 40, மஞ்சள் 60, பச்சை 40, சயான் 60, நீலம் 20, மெஜந்தா 80 என்ற அளவில் திறக்கும். ஒவ்வொன்றும் மைனஸ் 200 முதல் 300 வரை போகும். போகும் என்பதற்காகப் போகக் கூடாது. ஒரு ஸ்லைடர் பக்கத்து ஸ்லைடரைவிட 80, 100 என்று விலகும்போதே படம் கிழிய ஆரம்பிக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அந்தப் பேனலிலேயே கைவிரல் போல ஒரு சின்ன ஐகான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு படத்தில் பழத்தின் மேல் அழுத்தி வலப்பக்கம் இழுத்தால் அந்த இடத்தின் கலர் எதுவோ அந்த ஸ்லைடர் தானாக ஏறும். இலை கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தாலும் வெயில் பட்ட மாவிலை பெரும்பாலும் மஞ்சள் ஸ்லைடருக்குக் கட்டுப்படும். பச்சையை எவ்வளவு இழுத்தும் இலை அசையவில்லை என்று குழம்புகிறவர்கள் இந்தக் கையை எடுத்தால் இரண்டு நொடியில் விஷயம் புரியும்.

அடோபியின் இன்னொரு மென்பொருளான லைட்ரூமில் வி என்ற எழுத்தைத் தட்டினால் போதும். இங்கே எட்டு ஸ்லைடர்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, ஆக்வா, நீலம், பர்ப்பிள், மெஜந்தா. ஆரஞ்சு தனியாக இருப்பது சின்ன விஷயமில்லை. நம்ம ஊர் முகங்களுக்கு அதுதான் உயிர். முகத்துக்கு வரும்போது பார்க்கலாம்.

காசு கொடுக்காமல் வேலை முடிய வேண்டுமென்றால் ஜிம்ப்பில் கலர்ஸ் மெனு, டீசாச்சுரேட், அதற்குள் மோனோ மிக்சர். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று பங்கு மட்டும். மூன்றும் கூட்டி 1 வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் வெளிறும், குறைந்தால் கறுக்கும். மேலே சொன்ன பழக்கணக்கை 0.7, 0.2, 0.1 என்று அப்படியே அடித்துப் பார்க்கலாம். ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிப்பது) வைத்திருப்பவர்களுக்கு டார்க்டேபிள் மென்பொருளில் கலர் கேலிபிரேஷன் மாட்யூலின் கிரே டேப் இதே வேலையைச் செய்யும். மூன்று பங்கு முறைக்கும் ஆறு, எட்டு ஸ்லைடர் முறைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மிக்சர் படம் முழுவதையும் ஒரே கணக்கில் பிசையும், அதனால் சாம்பல்கள் ஒன்றுக்கொன்று இணக்கமாக இருக்கும். ஸ்லைடர் முறை ஒரு கலரை மட்டும் தனியே பிடித்து இழுக்கும். வசதி அதிகம், விளிம்பில் தையல் பிரியும் ஆபத்தும் அதிகம். நிலக்காட்சிக்கு மிக்சர், முகத்துக்கு ஸ்லைடர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

போனில் ஸ்நாப்சீட். பிளாக் அண்ட் ஒயிட் டூலுக்குள் கலர் ஃபில்டர் தேர்வு இருக்கிறது: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். பலர் டூலைத் திறந்ததும் 'கான்ட்ராஸ்ட்', 'ஃபிலிம்' என்ற ரெடிமேட் வகைகளிலேயே நின்றுவிடுகிறார்கள். ஃபில்டரைத் தொட்டால்தான் பங்கு மாறும். மாம்பழத்துக்கு ஆரஞ்சு வைத்துப் பாருங்கள்.

பொட்டு எங்கே போச்சு

மண்டபத்தில் எடுத்த கல்யாணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கும்போது, முகம் பளிச்சென்று வரட்டும் என்று சிவப்பை ஏற்றுகிறார்கள். முகம் பளிச்சென்றுதான் வரும். ஆனால் குங்குமப் பொட்டு காணாமல் போகும், உதடும் கூடவே போகும். சுமங்கலி நெற்றியில் பொட்டில்லாமல் ஆல்பம் அடித்துக் கொடுத்தால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று யாரும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

மாநிறத் தோல் ஒன்று: 150, 100, 75. குங்குமம்: 170, 30, 40. சிவப்பு சேனலை, அதாவது மூன்று எண்களில் சிவப்பை மட்டும் எடுத்தால் பொட்டு 170, தோல் 150. பொட்டு தோலைவிட வெளுத்த ஒரு தேமல். சிவப்பு 60, பச்சை 40 என்று கலந்தால் பொட்டு 114, தோல் 130. தெரியும், ஆனால் சோகை. சிவப்பு 40, பச்சை 50, நீலம் 10 வைத்தால் பொட்டு 87, தோல் 118. இங்கேதான் பொட்டு பொட்டாக நிற்கிறது. பச்சை சேனல் மட்டும் என்றால் பொட்டு 30, தோல் 100. மை வைத்ததுபோல் கறுப்பு. பழைய ஸ்டுடியோப் படங்களில் பாட்டிமார் நெற்றியில் பொட்டு கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் பிளேட்டுகளில் சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும். அந்தக் காலத்துச் சாயல் வேண்டுமென்றால் செப்பியா பூசுவதைவிட மிக்சரில் சிவப்பைச் சுழியாக்குவது நெருக்கமாக வரும். பருவும் தழும்பும் கூடவே தூக்கலாகத் தெரியும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

லைட்ரூம் கையில் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. தோல் ஆரஞ்சில் விழும், குங்குமம் சிவப்பில் விழும். ஆரஞ்சைப் பிளஸ் 15 முதல் 25, சிவப்பை மைனஸ் 20 முதல் 30. முகம் வெளிச்சமாகும், பொட்டும் உதடும் ஆழமாகும். மஞ்சள் பூசிய முகமென்றால் மஞ்சள் ஸ்லைடரையும் ஆரஞ்சுக்கு நெருக்கமாக வையுங்கள். இரண்டும் விலகினால் கன்னத்தில் திட்டுத்திட்டாக வரைபடம் போல் வரும். போட்டோஷாப்பின் ஆறு ஸ்லைடரில் தோல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதனால் அங்கே சிவப்பைத் தொடாமல் மஞ்சளை ஏற்றுவதுதான் வழி.

கறுத்த தோலை வெளுப்பாக்கிக் காட்டுவது வேறு ஒரு வியாதி. ஆரஞ்சை 60, 70 என்று ஏற்றினால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகி, மூக்கின் ஓரத்து நிழல், கன்னத்தின் வளைவு எல்லாம் தட்டையாகிவிடும். கறுத்த தோலின் அழகே அதில் விழும் மினுக்குத்தான். முகத்தை நடுச் சாம்பலுக்குக் கொஞ்சம் கீழேயே விட்டு, நெற்றியிலும் மூக்கிலும் விழும் வெளிச்சத்தை மட்டும் கர்வ்ஸில் (வெளிச்சத்தை வளைகோட்டால் ஏற்றி இறக்கும் கருவி) மேலே தூக்கினால் ஆள் உயிரோடு இருப்பார்.

வெள்ளை வேட்டிக்கு எந்த ஸ்லைடரும் உதவாது. அதில் கலர் இல்லை. மூன்று சேனலும் 255 தொட்டுவிட்டால் மடிப்பு போனது போனதுதான். எடுக்கும்போதே வேட்டியைப் பார்த்து ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) குறைத்து எடுப்பது தவிர மருந்தில்லை. சாயங்கால மஞ்சள் வெயிலில் எடுத்தது என்றால் ஒரு சின்ன நம்பிக்கை உண்டு. சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பும். பச்சை, நீல சேனல்களில் மடிப்பு இன்னும் ஒளிந்திருக்கும். சேனல்ஸ் பேனலில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஓசூர்ப் பக்கத்துச் சிவப்பு ரோஜாவிலும் இதே கதை: சிவப்பு சேனலில் இதழ்களெல்லாம் ஒரே வெள்ளைக் கட்டி, பச்சை சேனலில் ஒவ்வொரு இதழின் ஓரமும் தனித்தனியே. மஞ்சள் சாமந்திக்கு இன்னும் ஒரு படி இறங்கி நீல சேனலைக் கொஞ்சம் கலக்க வேண்டும்.

மண், வானம், தண்ணீர்

செம்மண் காட்டைச் சிவப்பு ஃபில்டரில் மாற்றினால் பென்னாகரம் சாலை கடற்கரை மணலாகிவிடும். நிஜமாகவே அப்படித்தான் வரும்: சிவப்பு மிகுந்த மண் வெளுத்து, மேலே வானம் கறுத்து, பார்ப்பவர்கள் எந்தக் கடலோரம் என்று கேட்பார்கள். வானத்தையும் கறுக்க வேண்டும், மண்ணும் கனமாக இருக்க வேண்டும் என்றால் லைட்ரூம் ஸ்லைடர்களுக்கு வந்து நீலத்தை மைனஸ் 30, சிவப்பு ஆரஞ்சு இரண்டையும் மைனஸ் 15 அளவில் வையுங்கள்.

ஏப்ரல், மே வானத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். வெளிறிப்போன வானத்தில் நீலமே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண். இல்லாத நீலத்தை எந்த ஃபில்டர் கறுக்கும்? மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள், சூரியனை முதுகுக்கோ தோளுக்கோ வைத்து எடுத்த படத்தில்தான் வானம் கறுத்து மேகம் பிதுங்கும்.

தூரத்து மலைக்கு வேறு கணக்கு. புகைமூட்டம் போல் தெரிவது காற்றில் சிதறும் ஒளி, அது நீலத்தில்தான் அதிகம். அதனால் நீல சேனலில் மேலகிரி மலைத்தொடர் பின்னால் போகப்போக வெளிறிக் கரையும், சிவப்பு சேனலில் மடிப்பு மடிப்பாகத் துலங்கும். துலங்கினால்தான் நல்ல படம் என்று இல்லை. அடுக்கடுக்காகக் கரையும் மலைதான் வேண்டுமென்றால் நீலத்தைக் கூட்டுங்கள்.

ஒகேனக்கலில் ஆடி வெள்ளம் வரும்போது தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாக வரும். சிவப்பு பங்கை ஏற்றினால் அது பாலாக வெளுத்து அமைதியான நாள் போலத் தோன்றும், வெள்ளத்தின் மிரட்டல் போய்விடும். சிவப்பு 20, பச்சை 40, நீலம் 40 என்று வைத்துப் பாருங்கள். பழுப்புத் தண்ணீர் கறுத்து, நுரை மட்டும் வெள்ளையாகத் தெறிக்கும். நுரையில் கலர் இல்லாததால் எந்தப் பங்கிலும் அது வெள்ளைதான்; சுற்றியிருப்பதைக் கறுக்கும்போது அது தானாக எழும். பாறைக்கும் அதே விதி. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையானாலும் ஒகேனக்கல் பாறையானாலும் கருங்கல் சாம்பல்தான், ஸ்லைடருக்கு அசையாது. அங்கே கிளாரிட்டி (நடுச் சாம்பல்களின் கான்ட்ராஸ்டை ஏற்றும் ஸ்லைடர்) 20, 25 போதும். 60 வைத்தால் பாறை தகரம் போல் ஆகிவிடும்.

கல்லில் கலர் இல்லை என்றாலும் கல்லின் மேல் இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை, பலவற்றுக்கு இன்னும் மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசை நடக்கிறது. எழுத்தைப் படிக்க வேண்டிய படத்தில் பூச்சு குறுக்கே நிற்கும். கல் 130, 125, 120 என்றும் அதன் மேல் அப்பிய மஞ்சள் 220, 170, 40 என்றும் இருந்தால், சிவப்பு 50, பச்சை 0, நீலம் 50 என்ற பங்கில் கல் 125, மஞ்சள் 130. மஞ்சள் கல்லோடு கலந்து மறைந்துவிடும். அடியில் உள்ள வெட்டு மட்டும் நிழலாக நிற்கும். குங்குமக் கறையை மறைக்க சிவப்பு சேனல் தனியாகவே போதும். ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்த படமாக இருக்க வேண்டும். நேர் வெயிலில் எடுத்த கல்லில் வெட்டுக்கு நிழலே இல்லை, சேனல் என்ன செய்யும்?

எங்கே கிழியும், ஏன்

நீலத்தைக் கூட்டினால் படம் மணல் மணலாக வரும். கேமரா சென்சாரில் பாதிக் கண்கள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. அதிலும் குண்டு பல்பு வெளிச்சத்தில் நீலம் குறைவாகவே வந்து சேரும். ஒயிட் பேலன்ஸ் அதை இழுத்துப் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகும். ராத்திரித் தெருக்கூத்துப் படத்தில் நீல சேனலை மட்டும் திறந்து பார்த்தால் புரிந்துவிடும். கூத்துப் படங்களைக் கருப்பு வெள்ளையாக்குவது நல்ல யோசனைதான், டியூப்லைட்டும் எல்ஈடியும் கலந்த வெளிச்சத்தின் பச்சை மஞ்சள் அழுக்கு போய்விடும். ஆனால் முகத்தில் சிவப்பு பூசிய வேஷமும் பச்சை பூசிய வேஷமும் எதிரெதிரே நிற்கும் படத்தைச் சாச்சுரேஷனில் மாற்றினால் முதலில் பார்த்த மாம்பழமும் இலையும்தான். பச்சையை ஏற்றி சிவப்பை இறக்குங்கள், இல்லை திருப்பிச் செய்யுங்கள், நீலத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது கட்டம் கட்டமாகத் தெரிவது. ஜேபெக் ஃபைல் இடத்தை மிச்சப்படுத்த வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு கலரை மட்டும் கொத்தாகச் சேமிக்கும். பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரு கலர். பிளாக் அண்ட் ஒயிட் ஸ்லைடர் வேலை செய்வதே அந்தக் கலரை வைத்துத்தான். இழுக்க இழுக்க கொத்தின் ஓரங்கள் வெளியே வரும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் நிலைமை இன்னும் மோசம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வரும் படங்கள் முக்கால்வாசி இந்த வகைதான். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்லைடர்களைத் தொடாமல் மோனோ மிக்சரில் 40, 50, 10 வைத்து, கர்வ்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தென்னை ஓலைக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு விழுந்தால் நீலத்தை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறீர்கள். ஓலை ஓரத்துப் பிக்சலில் பச்சையும் நீலமும் கலந்து கலர் செத்திருக்கும், அதனால் ஸ்லைடர் அதைப் பிடிக்காது. வானம் கறுக்க, ஓரம் மட்டும் பழைய வெளிச்சத்திலேயே நின்றுவிடும். மாற்றுவதற்கு முன்பே, படம் கலராக இருக்கும்போதே, லென்ஸ் கரெக்ஷனில் குரோமாட்டிக் அபரேஷனை (லென்ஸால் ஓரங்களில் படியும் கலர்க் கசிவை) நீக்கிவிடுங்கள். கலர் நாய்ஸ் குறைப்பும் அப்போதே. பிறகும் கோடு தெரிந்தால் நீலத்தைப் பாதியாகக் குறைத்து, மீதியை மேலிருந்து கீழாக ஒரு கிரேடியன்ட் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரில் இறக்குங்கள்.

வானம் படிக்கட்டு போல் வரி வரியாக வந்தால் அது 8 பிட்டின் வறுமை. கலரில் மூன்று சேனல் சேர்ந்து மறைத்துவைத்திருந்த ஓட்டை, ஒரே சேனலான பிறகு 256 படிகளில் அம்பலமாகும். 14 பிட் ரா ஃபைலில் ஒரு சேனலுக்கு 16,384 படிகள். அதை 16 பிட்டில் திறந்து, எல்லாம் முடிந்தபின் கடைசியில் 8 பிட்டாக்கினால் வரி வராது. ஜேபெக்தான் கையில் இருக்கிறது என்றால் கடைசியில் கொஞ்சம் கிரெயின் தூவுங்கள், வரிகள் உடைந்து மறையும்.

கேமராவில் மோனோக்ரோம் வைத்து எடுக்கலாமா என்றால், ரா பிளஸ் ஜேபெக் வைத்து எடுங்கள். பின் திரையில் கருப்பு வெள்ளை தெரியும், ராவில் கலர் முழுதாக இருக்கும். ஜேபெக் மட்டும் வைத்து மோனோவில் எடுத்தால் கலர் திரும்பாது, பங்கு பிரிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஒயிட் பேலன்ஸை யாரும் கவனிப்பதில்லை. கருப்பு வெள்ளைதானே, எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். டெம்பரேச்சரை நகர்த்தினால் ஒவ்வொரு பிக்சலின் கலரும் நகரும், எந்த ஸ்லைடருக்குள் எது விழும் என்பதும் மாறும். எட்டு ஸ்லைடரையும் போட்டுக் குடைந்தும் முகம் சரிவரவில்லை என்றால் டெம்பரேச்சரை மெதுவாக இரு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். பல நேரம் அதுவே முடித்துவிடும்.

பங்கு பிரித்தபின் கான்ட்ராஸ்ட். லெவல்ஸில் ஆல்ட் சாவியைப் பிடித்துக்கொண்டு கருப்பு முனையை நகர்த்தினால் எந்த இடம் முழுக் கறுப்பாகிறது என்று காட்டும், லைட்ரூமில் ஜே எழுத்து அதே வேலையைச் செய்யும். தலைமுடியில் ஓரிரு இடம், தூண் நிழலில் கொஞ்சம், அவ்வளவு கறுத்தால் போதும். கலர் புடவைக்கு நடுவே சிவப்பை மட்டும் விட்டுவைத்து மற்றதைக் கருப்பு வெள்ளையாக்கும் ஸ்டைல் இன்னும் ஆல்பங்களில் வருகிறது. கேட்கிறவர்களுக்குச் செய்து கொடுங்கள், தானாக முன்வந்து செய்யாதீர்கள்.

பிரிண்ட்

திரையில் சுத்தமான சாம்பலாக இருந்தது லேபிலிருந்து லேசான பச்சையாகவோ ரோஸாகவோ வரும். ஸ்டுடியோ லேபில் ஓடுவது கலர் பேப்பர். மூன்று சாயம் சரியான அளவில் சேர்ந்தால்தான் அங்கே சாம்பல். கெமிக்கல் கொஞ்சம் தள்ளினாலும் சாம்பலில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், கலர்ப் படத்தில் யாருக்கும் தெரியாது. முழு ஆல்பத்தை அனுப்புமுன் முகம் உள்ள ஒரு படத்தை 4க்கு 6 அளவில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வேண்டுமென்றே லேசான வெதுவெதுப்புச் சாயல் கொடுத்துவிடுங்கள்: ஹியூ 40 சுற்றி, சாச்சுரேஷன் 6 முதல் 8. அந்தச் சாயலுக்குள் லேபின் பிழை அடங்கிவிடும். ஃபைலை கிரேஸ்கேல் மோடில் அனுப்பாமல் ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காகவே கொடுங்கள். சில லேப் மென்பொருள்கள் கிரேஸ்கேல் ஃபைலைத் திறக்கவே முரண்டு பிடிக்கும். 12க்கு 18 அங்குலப் பிரிண்டுக்கு 3600க்கு 5400 பிக்சல் இருந்தால் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்).

ஒரே மையில் ஓடும் ஆஃப்செட் நோட்டீஸுக்கு இது தலைகீழ். அங்கே கிரேஸ்கேல்தான் கொடுக்க வேண்டும். ஆர்ஜிபி கறுப்பைக் கொடுத்தால் நாலு கலராகப் பிரிந்துவிடும், ஒற்றைக் கலர் மெஷினில் அதற்கு வேலையில்லை. நியூஸ்பிரின்ட் பேப்பர் மையை உறிஞ்சும், புள்ளி தடிக்கும். 50 சதவீதச் சாம்பல் அச்சில் 70ஐத் தாண்டிவிடும். அதனால் லெவல்ஸில் அவுட்புட் கருப்பை 25, வெள்ளையை 245 என்று வைத்து, நடுப்பகுதியைக் கர்வ்ஸில் தாராளமாக மேலே தூக்குங்கள். திரையில் வெளிறித் தெரியும். தெரியட்டும். முதல் தாள் மெஷினிலிருந்து வந்ததும் தலைமுடிக்கும் கறுப்புச் சட்டைக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் 25ஐ 35 ஆக்கி வேறு பிளேட் போடச் சொல்லுங்கள்.